நானூறு மீட்டர்

சென்னையிலிருந்து வந்தவர் கழுத்தில் ஸ்டாப்வாட்ச்.
மூன்று இரவு பம்புகளுக்கு நடுவே நின்றார்.
வால்வு திறக்க இத்தனை நொடி,
பதிவேடு எழுத இத்தனை,
டீக்கு, ஒன்றுக்குப் போக,
சும்மா இருக்க இத்தனை.
சும்மா இருந்ததைச் சிவப்பில் குறித்தார்.
இரவு ஷிப்டுக்கு மூவர் வேண்டாம், இருவர் போதும்.
அறிக்கையின் அடியில் எனக்கொரு இடம் விட்டிருந்தது.
கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாமவன் பெயர் தேசிங்கு.
சும்மா இருக்கும்போது என்ன செய்தான் என்று
யாரும் கேட்கவில்லை.
சுவரில் சாய்ந்து
மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்பான்,
அவ்வளவுதான்.
இப்போது கேன்டீனில் டோக்கன் கிழிக்கிறான்.

பிறகு ஆய்வக உதவியாளருக்கு ஒரு காலியிடம்.
நூற்றுப் பதினேழு விண்ணப்பம்.

எங்கும் எழுதாத விதி ஒன்று உண்டு எங்களிடம்:
ஐந்து கிலோமீட்டருக்குள் வீடிருந்தால் எடுக்காதே.
பக்கத்து ஊர்க்காரன் சாவுக்கும் போவான், காதுகுத்துக்கும் போவான்,
சாப்பிடப் போனால் மாட்டை மாற்றிக் கட்டிவிட்டுத்தான் வருவான்,
நாலு பேர் சேர்ந்தால் கேட் முன்னால் கொடிக்கம்பம்.
தூரத்து ஆளுக்குப் போக இடமிருக்காது.
எனக்கு முன்பிருந்த மேலாளர் சொன்னது இது,
தன் பிரிவு விருந்தில், பிரியாணி வருவதற்குள்.
எக்செல்லில் ஒரு பத்தி சேர்த்தேன்: தூரம்.
ஐந்துக்குக் கீழே இருந்தால்
கட்டம் தானாகவே சாம்பல் நிறமாகும்.
நான் யாரையும் நிராகரித்ததில்லை.

அஞ்சலாட்சி. ஈச்சங்காடு. டிப்ளமோ கெமிக்கல்.
நானூறு மீட்டர்.
பேருக்கு ஐந்து பேரையாவது கூப்பிட வேண்டும்,
கூப்பிட்டோம்.
கசிவு என்றால் எப்படித் தெரியும்?
சென்சார், அபாய அளவு, சைரன் என்று சொன்னால் முழு மதிப்பெண்.
அவள் சொன்னாள்:
"அழுகின வாழைப்பழம் மாதிரி அடிச்சா ரெண்டாவது பிளான்ட்.
முட்டை நாத்தம்னா கழிவுத் தொட்டி.
கண்ணு மட்டும் எரிஞ்சு நாத்தமே இல்லன்னா
அதுக்குத்தான் சார் பயப்படணும்."
குழுவில் ஒருவர் சிரித்தார்.
தகவல் தெரிவிக்கிறோம் என்றேன்.
தருமபுரிப் பையனை எடுத்தோம்.
விடுதியில் தங்குவான். நல்லவன்தான்,
அவன்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஐப்பசி. மழை விட்ட இரவு, இரண்டு பத்து.
"சார், இன்டர்வியூக்கு வந்தேனே, அஞ்சலாட்சி.
லெட்டர்ல உங்க நம்பர் இருந்துச்சு.
கண்ணு எரியுது. நாத்தம் இல்ல."

கன்ட்ரோல் ரூமில் சென்சார் பச்சையில் இருந்தது.
இருவரில் ஒருவன் பதிவேட்டில்,
ஒருவன் பம்பில்,
இருவருமே சும்மா இல்லை.
போய்ப் பாருங்கள் என்றேன், யார் சொன்னார்கள் என்று சொல்லவில்லை.
ஒரு கேஸ்கெட். நகக்கண் அளவு விரிசல்.
மூன்றரைக்குள் அடைத்தாயிற்று.
எந்தப் பேப்பரிலும் வரவில்லை.

திரும்ப அழைத்தேன்.
பின்னால் பிள்ளைகள் இருமினார்கள்,
யாரோ ஈரத்துணி எங்கே என்றார்கள்,
நாய் ஒன்றுகூடக் குரைக்கவில்லை.
தினமும் விழித்திருக்கிறீர்களா?
"முறை வச்சிருக்கோம் சார்.
திங்க, செவ்வா எங்க வீடு.
புதன் தனக்கோட்டி அண்ணன் வீடு.
யாருக்காச்சும் முடியலன்னா அடுத்த வீடு பாத்துக்கும்."

எட்டு வருடமாக ஷிப்ட் அட்டவணை போடுகிறேன்.
மாற்றாள் கிடைக்காமல் ஒரு வாரமாவது
ஓட்டை விழாமல் இருந்ததில்லை.

"அந்த வேலைக்கு ஆள் எடுத்துட்டீங்களா சார்?"
எடுத்துவிட்டோம்.
"சரி. நம்பரை வச்சுக்குங்க."

வைத்துக்கொண்டேன்.
பெயர் கேட்டது போன், அடித்தேன்.
கீழே இன்னும் இரண்டு கட்டங்கள் திறந்தன:
நிறுவனம்.
பதவி.